வாடாத இலை, ஓடாத நீர்: டயோரமா குறித்துச் சில குறிப்புகள்

1

டயோரமா பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதற்குள் நிற்கிற விலங்குகளைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கொரில்லாக்கள் அவர்களுக்குப் பிடித்தமான பிரதி. டோனா ஹாரவே 1984இல் எழுதிய கட்டுரை இந்த வாசிப்புகளில் தலையாயது. பாடம் செய்து நிறுத்தப்பட்ட விலங்குக் குடும்பங்களுக்குள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்க வெள்ளை ஆண்மையின் கனவும் பயமும் எப்படித் திணிக்கப்பட்டன என்பதை அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். அந்த வாசிப்போடு எனக்குச் சண்டை இல்லை. நான் நியூயார்க் போனதும் இல்லை. படங்களையும் நூல்களையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

ஆனால் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கையில் என் கண் கொரில்லாவை விட்டு நழுவி, அதன் காலடியில் கிடக்கிற இலையிலும், வேறொரு பெட்டியில் விலங்குகள் குனிந்து நிற்கிற நீர்க்குட்டையிலும் போய் நிற்கிறது. அந்தக் கொரில்லாவை யாரோ சுட்டு, தோலுரித்து, கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த இலையை ஒருத்தர் உட்கார்ந்து செய்தார் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தத் தண்ணீர் ஒரு துளிகூடத் தண்ணீர் இல்லை என்பதும் உறைப்பதில்லை. எந்த இடத்தில் சந்தேகமே எழுவதில்லையோ அங்கேதான் கருத்தியல் சௌகரியமாகக் குடியிருக்கிறது. ஆகவே விலங்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இலையையும் நீரையும் வாசிக்கலாம் என்று பார்க்கிறேன்.

2

முதலில் தொழில்நுட்பம். தத்துவம் பேசுகிற நாம் பொருளைத் தொட்டுப் பார்க்காமலேயே பேசிவிடுகிறோம் என்ற குற்றச்சாட்டு நம்மீது உண்டு. அது நியாயமான குற்றச்சாட்டுத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் சினிமா செட்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது கட்டட மாடல்கள் செய்கிறார். மாடலில் தண்ணீர் வைப்பது எப்படி என்று அவரிடம் கேட்டேன். “நிஜத் தண்ணிய ஊத்திடலாம்னு நெனைக்கிறீங்களா தம்பி? ஊத்திப் பாருங்க. பொய்யாத் தெரியும்” என்றார்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. கட்டடத்தைச் சுருக்கலாம், மரத்தைச் சுருக்கலாம், ஆளைச் சுருக்கலாம். நீரின் பரப்பு இழுவிசையைச் சுருக்க முடியாது. துளி எவ்வளவு பெரிதாக உருளும், அலை எவ்வளவு அகலமாக எழும் என்பதெல்லாம் நம் விகிதத்துக்குக் கட்டுப்படாது. 1:87 என்ற விகிதத்தில் செய்யும் மாடலில் 4 மில்லிமீட்டர் துளி ஒன்று விழுந்தால், அந்தக் குட்டி உலகத்தில் அது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் உருண்டை. பூசணிக்காய் அளவுக்கு ஒரு நீர்த்துளி. ஆக, நிஜம் உள்ளே நுழைந்த மறுகணமே எதார்த்தம் உடைந்துவிடுகிறது.

எனவே ரெசின். இரண்டு குப்பியில் வரும். ஒன்றில் பிசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர். சொன்ன அளவில் கலந்து மெல்லிய அடுக்காக ஊற்ற வேண்டும். ஒரே மூச்சில் கனமாக ஊற்றினால் இறுகும்போது வரும் சூட்டில் மஞ்சளிக்கும், விரிசல் விடும். ஒரு அடுக்கு இறுகியபின் அடுத்தது. காற்றுக்குமிழ் வந்தால் லேசாகச் சூடு காட்டி வெளியேற்ற வேண்டும். கரையோரத்தில் ரெசின் மேலேறி ஒட்டிக்கொள்ளும், அதை மண்ணாலும் புல்லாலும் மறைக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் அடித்தளத்துக்கு வண்ணம். புதிதாகச் செய்கிறவர்கள் எடுத்த எடுப்பில் நீலம் பூசிவிடுவார்கள். தண்ணீருக்கு ஏது நீலம்? நடுவில் ஆழம் தெரிய கரும்பச்சையும் பழுப்பும், ஓரத்தில் சேற்று நிறம். கடைசியாக, இறுகிய பரப்பின் மேல் பளபளப்பான அக்ரிலிக் பசையைத் தூரிகையால் குத்திக் குத்திச் சிற்றலை எழுப்ப வேண்டும். ரெசின் வருவதற்கு முந்திய காலத்தில் கண்ணாடித் தகடு, மெழுகு, வார்னிஷ் என்று வேறு பொருட்கள். தர்க்கம் அதேதான். நாம் தண்ணீர் என்று பார்ப்பது தண்ணீரை அல்ல, அடியில் உள்ள ஓவியத்தையும் மேலே உள்ள பளபளப்பையும்.

செடிக்கும் இதே கதை. நிஜப் பாசியை வைத்தால் காய்ந்து சுருங்கி நிறம் போய்விடும். சிறு கிளையை ஒடித்து மரமாக நட்டால் அதன் இலை மாடலுக்குள் கதவளவு தெரியும். ஆகவே கம்பியை முறுக்கி அடிமரமும் கிளையும் செய்து, சாயமேற்றிய மரத்தூளையோ, மிக்ஸியில் அடித்த ஸ்பாஞ்சையோ தூவி ஒட்டுகிறார்கள். புல்லுக்கு நைலான் இழை. மின்னூட்டம் கொடுத்தால் இழை ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும்.

ரோலான் பார்த் 1968இல் ‘எதார்த்த விளைவு’ பற்றி எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. ஃப்ளாபெர் கதையில் சுவரில் தொங்குகிற காற்றழுத்தமானி கதைக்கு எந்த வேலையும் செய்வதில்லை. அது ‘நான்தான் எதார்த்தம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது பார்த்தின் வாதம். டயோரமாவின் இலையும் நீரும் அத்தகைய காற்றழுத்தமானிகள்தாம். கொரில்லாவைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவை சாட்சிக் கையெழுத்துப் போட்டால்தான் கொரில்லா செல்லுபடியாகும்.

3

சரி, அந்தச் சாட்சியைத் தயாரித்தது யார்?

நவீன டயோரமாவின் தந்தை என்று கார்ல் ஏக்லியைச் சொல்வார்கள். 1890இல் மில்வாக்கி அருங்காட்சியகத்துக்காக அவர் செய்த நீரெலிக் குடும்பமும் அதன் சதுப்பும் இன்றும் அங்கே இருக்கின்றன. பின்னர் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்துக்காக ‘வர்ஜீனியா மான்: நான்கு பருவங்கள்’ என்ற தொகுதி. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு பெட்டிகள். 1902இல் அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொண்டது.

அந்த நான்கு பெட்டிகளுக்கும் சுமார் 17,000 இலைகள் தேவைப்பட்டன. நிஜ இலையிலிருந்து பிளாஸ்டர் அச்செடுத்து, பஞ்சு சேர்த்த மெழுகை அதில் அழுத்தி எடுத்து, ஓரம் வெட்டி, காம்பு வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிறம் கொடுக்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பங்கு ஏக்லியின் மனைவி டீலியாவின் தலையில் விழுந்தது. ஒரு இலைக்கு ஐந்து நிமிடம் என்று கஞ்சத்தனமாகவே கணக்குப் போடுவோம். 1,400 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஏறக்குறைய 177 நாள், வேறெதுவும் செய்யாமல் இலை மட்டும்.

டீலியா சாதாரண ஆள் இல்லை. ஃபீல்டு அருங்காட்சியகத்தில் மோதிக்கொண்டு நிற்கிற இரண்டு ஆப்பிரிக்க யானைகளில் ஒன்று அவர் சுட்டது. 1923இல் மணவிலக்கு ஆனபிறகு, புரூக்ளின் அருங்காட்சியகத்துக்காகத் தானே தலைமையேற்று ஆப்பிரிக்கா போனவர். அப்படிப்பட்டவரின் பெயரே வரலாற்றின் ஓரத்தில்தான் கிடைக்கிறது என்றால், அருங்காட்சியகப் பட்டறைகளில் பிற்காலத்தில் இலை வெட்டிய, காம்பு ஒட்டிய கைகளைப் பற்றி என்ன சொல்ல? ஏக்லியின் பெயரில் ஒரு மண்டபமே இருக்கிறது. 1936இல் திறந்தார்கள், 28 டயோரமா. இலைக்குப் பெயர் இல்லை.

இதை ‘மறக்கப்பட்ட பெண்’ என்று ஒரு அனுதாப வரியில் முடித்துவிடக்கூடாது. விஷயம் அதைவிடச் சிக்கலானது. இந்தக் கலையின் இலக்கணமே உழைப்பு மறைய வேண்டும் என்பதுதான். இலை செய்தவரின் கைத்தடம் தெரிந்தால் இலை தோற்றுவிட்டது. மிகச் சிறப்பாக உழைத்தவர் மிகச் சுத்தமாக அழிந்துபோகிறார். ஓவியத்தில் தூரிகையின் வீச்சைக் கையெழுத்து என்று கொண்டாடுகிறோம். இங்கே கையெழுத்துத் தெரிந்தால் பிழை. வீட்டு வேலைக்கும் இதே இலக்கணம்தான் என்பதைப் பெண்ணியத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீடு அழுக்காக இருந்தால்தான் அங்கே ஒரு ஆள் வேலை செய்கிறாள் என்பது மற்றவர் கண்ணில் படும்.

4

இலை இன்னொன்றையும் மறைக்கிறது. காலத்தை.

‘டயோரமா’ என்ற சொல்லை 1822இல் பாரிஸில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தாகேர். பின்னாளில் புகைப்படக்கலைக்குப் பெயர்போன அதே ஆள். அவருடைய டயோரமா ஒரு அரங்கு. ஒளி ஊடுருவும் பெரிய திரையில் வரைந்த காட்சியின்மீது முன்னும் பின்னும் வெளிச்சத்தை மாற்றுவார்கள். பகல் இரவாகும். காலம் நகர்வதைக் காட்டத்தான் மக்கள் காசு வாங்கப்பட்டது. அருங்காட்சியகம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு காலத்தை வெளியே நிறுத்திவிட்டது. அலை எழுந்த நிலையில் நிற்கிறது. இலை தளிர்த்த நிலையில் நிற்கிறது. ஏக்லி பருவங்களைக் காட்ட நினைத்தபோதும் காலத்தை நான்கு பெட்டிகளில் அடைக்க வேண்டியதாயிற்று.

இங்கே தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தொல்காப்பியம் உதவிக்கு வருகிறது. முதற்பொருள் என்பது நிலம் மட்டும் அல்ல, நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது மரமும் விலங்கும் பறவையும் மட்டும் அல்ல. உணவு, தொழில், பறை, யாழ், தெய்வம் எல்லாம் அதே பட்டியலில் வருகின்றன. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நியூயார்க் கொரில்லா டயோரமாவைச் சரிபார்த்தால் என்ன மிஞ்சுகிறது? நிலம் இருக்கிறது, பொழுது இல்லை. மா இருக்கிறது, மரம் இருக்கிறது. தொழில் இல்லை, பறை இல்லை, உணவு சமைக்கிற புகை இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காட்சி கற்பனை இடம் அல்ல. காங்கோவில் மிகெனோ மலைச்சரிவு. ஏக்லி 1921இல் அந்தப் பகுதியில்தான் கொரில்லாக்களைச் சுட்டார். பிறகு மனம் மாறி அவற்றைக் காக்கச் சரணாலயம் வேண்டும் என்று வற்புறுத்தினார். பெல்ஜியம் அரசர் பெயரில் 1925இல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா உண்டானது, இன்றைய விருங்கா. 1926 பயணத்தில் ஓவியர்களும் உதவியாளர்களும் கூடவே போய் அந்தச் சரிவின் செடிகொடிகளை வரைந்து, சேகரித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஏக்லி அங்கேயே இறந்து புதைக்கப்பட்டார். பூங்கா விரியவிரிய அங்கே குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஒவ்வொரு இலையும் தாவரவியல்படி துல்லியம்தான். அந்தத் துல்லியம்தான் பயங்கரம். இலையில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியாத பார்வையாளர், ஆளில்லாத மலையையும் தவறில்லாத உண்மையாக எடுத்துக்கொள்கிறார். காலனி அரசு உத்தரவு போட்டுச் செய்ததை மெழுகு சத்தமில்லாமல் செய்கிறது.

‘நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்’ என்று மார்தட்டுவதற்காகத் திணையை இழுக்கவில்லை. திணையும் ஒரு சட்டகம்தான். அதிலும் அடியோரும் வினைவலரும் ஐந்திணைக் காதலுக்குப் புறத்தே கைக்கிளை, பெருந்திணைப் பக்கம் ஒதுக்கப்பட்டவர்கள். எந்தச் சட்டகத்துக்கும் ஒரு வெளியே இருக்கும். அங்கே யார் நிற்கிறார்கள் என்று கேட்பதே வாசிப்பு.

5

அப்படியானால் எதார்த்தமான இலை செய்வதே குற்றமா? இல்லை. இதே கைத்திறனை வைத்து நேரெதிரான காரியமும் செய்யலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீட்டர்ஷாம் என்ற ஊரில் ஹார்வர்டு வனத்தின் ஃபிஷர் அருங்காட்சியகம் உள்ளது. 1931 முதல் 1941 வரை செய்யப்பட்ட 23 டயோரமாக்கள் அங்கே இருக்கின்றன. நியூயார்க்கில் உள்ளவை ஆளுயர உண்மை அளவு. இவை சுருக்கிய மாதிரிகள். செம்புக் கம்பியை முறுக்கிச் செய்த மரங்கள், மரத்தின் இனம் சொல்லும் அளவுக்கு நுணுக்கம். இங்கே எந்த விலங்கும் கதாநாயகன் இல்லை. மரமே கதை.

முதல் ஏழு பெட்டிகள் ஒரே நிலத்தைக் காட்டுகின்றன. 1700இல் அடர்காடு. 1740இல் ஒரு குடியேறி காட்டை வெட்டிப் பண்ணை போடுகிறார். 1830இல் மரமே அபூர்வம், எங்கும் வயலும் மேய்ச்சலும் கல்வேலியும். 1850இல் பண்ணைகள் கைவிடப்படுகின்றன, வயலுக்குள் பைன் கன்று முளைக்கிறது. 1910இல் அந்தப் பைன் வளர்ந்து மரக்கட்டைக்காக வெட்டப்படுகிறது. 1915இல் வெட்டிய இடத்தில் வேறு மரங்கள் துளிர்க்கின்றன. 1930இல் மறுபடியும் காடு.

இந்தக் கடைசிக் காட்டை மட்டும் தனியே வைத்திருந்தால் ‘ஆதிவனம்’ என்று யாரும் ஏமாந்திருப்பார்கள். வரிசையாகப் பார்க்கும்போது, இலை அழகு என்பதிலிருந்து ஆதாரம் என்ற இடத்துக்கு நகர்கிறது. எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதே யார் உழுதார்கள், யார் விட்டுப் போனார்கள், யார் விற்றார்கள் என்பதற்குச் சாட்சி. பருவத்தைக் காட்டிய ஏக்லியின் நான்கு பெட்டிக்கும் இந்த ஏழு பெட்டிக்கும் வித்தியாசம் இதுதான். பருவம் திரும்பி வரும், வரலாறு திரும்பி வராது.

இதையும் புனிதப்படுத்த வேண்டாம். 1700ஆம் ஆண்டுப் பெட்டிக்கு வைத்த பெயர் ‘குடியேற்றத்துக்கு முந்தைய காடு’. யாருடைய குடியேற்றம்? அந்த வட்டாரம் நிப்மக் மக்களின் நிலம். சோளம் விதைத்து, மீன் பிடித்து, வேட்டையாடி வாழ்ந்தவர்கள். அவர்கள் குடியிருந்தது குடியிருப்புக் கணக்கில் வரவில்லை. கதை காட்டிலிருந்து தொடங்கினால் வெட்ட வந்தவன்தான் முதல் மனிதன் ஆகிவிடுகிறான். வில்லியம் குரோனன் 1983இல் எழுதிய ‘நிலத்தில் மாற்றங்கள்’ நூல் இந்தத் தொடக்கத்தைத்தான் கேள்விக்கு உட்படுத்தியது.

அதே ஹார்வர்டில் இன்னொரு அதிசயமும் உண்டு. பிளாஷ்கா என்ற தந்தையும் மகனும் 1887 முதல் 1936 வரை கண்ணாடியில் செய்துகொடுத்த செடிகள். பூக்களை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, மகன் ருடால்ஃப் 1924க்கும் 1932க்கும் இடையில் செய்த அழுகிய பழங்கள். பூஞ்சை பிடித்த, புள்ளி விழுந்த, சுருங்கிய பழங்கள். வாடாத பொருளால் வாடுதலைச் செய்து காட்டியிருக்கிறார். நோய் என்பதும் காலம்தானே.

2018இல் நியூயார்க் அருங்காட்சியகம் தன்னுடைய பழைய டயோரமா ஒன்றில் வேறொரு வழி கண்டது. டச்சு ஆளுநர் ஸ்டைவசன்ட்டை லெனாபே மக்கள் சந்திப்பதாக 1939இல் செய்த காட்சி. அதை உடைக்கவும் இல்லை, உள்ளே எதையும் மாற்றவும் இல்லை. முன்னால் உள்ள கண்ணாடியின் மீதே, இந்த உடை தவறு, பெண்களை இப்படிக் காட்டியது தவறு என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்கள். கண்ணாடி இல்லாதது மாதிரி நடிப்பதுதான் டயோரமாவின் முதல் தந்திரம். அதன்மேல் எழுதியதும் கண்ணாடி கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. விமர்சனம் செய்ய வேண்டிய வேலையும் இதுவே என்று நினைக்கிறேன்.

6

அருங்காட்சியகம் அமெரிக்காவில் இருக்கிறது, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. மாடல் செய்கிற அண்ணனுக்கு இன்றைக்குச் சோறு போடுவது அடுக்குமாடி விற்கிற கம்பெனிகள். சென்னைக்குத் தெற்கே சதுப்பை ஒட்டி வரப்போகிற ஒரு குடியிருப்புக்கு அவர் செய்த மாடலைப் பார்த்தேன். நடுவில் ஏரி, சுற்றிலும் நைலான் புல். ஏரி பளிச்சென்று நீலம். “இதென்னண்ணே, நீங்கதானே தண்ணிக்கு நீலம் கிடையாதுன்னு சொன்னீங்க?” என்றேன். “கஸ்டமருக்கு நீலந்தான் வேணும் தம்பி. சேத்துக் கலர் வெச்சா பணம் வராது” என்றார்.

பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்பே அதன் பெரும்பகுதி கட்டடமும் சாலையும் குப்பைமேடுமாகப் போய்விட்டது. சதுப்பு என்பது நீலம் அல்ல. கோரை மண்டியது, மழையில் விரிவது, கோடையில் ஒடுங்குவது. விரிவதற்கு அதற்கு இடம் வேண்டும். ரெசின் ஏரி விரியாது, ஒடுங்காது, கரை தாண்டாது. 2015 டிசம்பரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்று திகைத்தவர்கள் பலர். விற்பனை அறையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்கள் பார்த்திருந்த தண்ணீர் அப்படிப்பட்டது. வீடு வாங்குகிறவர் முன் வைக்கப்படும் அந்த மாடல் ஒரு கதையாடல். அதில் பருவமழை என்ற கதாபாத்திரம் நீக்கப்பட்டிருக்கிறது. அங்கே மீன் பிடித்தவரும் மாடு மேய்த்தவரும்கூட நீக்கப்பட்டிருக்கிறார்கள்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எதார்த்தவாதம் செத்துவிட்டது, இல்லை உயிரோடிருக்கிறது என்று நாம் ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். இலை நிஜ இலை போல இருக்கிறதா என்பதை வைத்தே இரண்டு தரப்பும் பேசின. ஒரு கரிசல் நாவலில் செடிகளின் பெயர் நாற்பது வருகிறது என்பதால் அது மண்ணின் பிரதி ஆகிவிடாது. பெயர்கள் வராததால் பொய்யாகியும் விடாது. அந்தச் செடியை யார் நட்டார்கள், அது எப்போது வாடும், அது நிற்கிற இடத்தில் முன்பு நின்றது யார் என்ற மூன்று கேள்விக்கும் அந்த நாற்பது பெயர்களும் வழிவிடுகின்றனவா, வழியை அடைக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். செம்புக் கம்பி மரம் வழிவிட்டது. மெழுகு இலை அடைத்தது. இரண்டுக்கும் கைத்திறனில் குறையில்லை.

அடுத்து ஒரு திட்டத்துக்கு உங்கள் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்து, மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாடல் வைக்கப்பட்டிருந்தால், கட்டடத்தை அப்புறம் பாருங்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். அது என்ன நிறம், எந்த மாதத்துத் தண்ணீர், கரையில் ஆள் இருக்கிறதா என்று எழுந்து கேளுங்கள்.